நுரையீரலுக்குத் தேய்மானம் உண்டா?

போடியிலிருந்து தேவாரம் போகிற பக்கம் பொட்டிபுரம் என்று ஒரு ஊர். உங்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும். நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கப் போவதாகச் சொன்னார்களே, அந்த ஊர்தான். அங்கே நின்று பார்த்தால் அம்பரப்பர் மலை தெரியும். மொட்டைப் பாறையும் முள்செடியுமாக, நானும் ஒரு மலைதான் என்று சாதுவாக நிற்கும். இந்த மலைக்காகத்தான் பத்து வருஷத்துக்கும் மேலாகக் கோர்ட், கேஸ், போராட்டம், டிவி விவாதம் எல்லாம் நடந்தது.

அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு நடுவே நடுவே நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“தம்பி, இந்த மலைக்காக எம்புட்டுப் பேரு வந்தாக தெரியுமா? சயின்டிஸ்ட் வந்தாக, கட்சிக்காரவுக வந்தாக, டிவிக்காரவுக வந்தாக. மலை போயிரும்னாக, தண்ணி வத்திரும்னாக, அணை உடைஞ்சிரும்னாக. எல்லாம் சரிதேன். உள்ள போயி துளை போடப் போறவன் என்ன ஆவான்னு ஒருத்தராச்சும் கேட்டாகளா?”

“நீங்க என்ன வேலை பார்த்தீங்கய்யா?”

“குவாரியில கம்ப்ரசர் மெஷின். இருபது வருஷம் பாறையில துளை போட்டேன்.”

எந்தக் குவாரி, யார் முதலாளி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எனக்கு உறைத்தது அவர் கேட்ட கேள்விதான். ஏனென்றால் நானும் இந்த விவாதத்தை வருஷக்கணக்கில் கவனித்தவன். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நான் இந்தத் திட்டத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று உடனே கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

திட்டம் என்ன? மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில், எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருக்க, ஒரு பெரிய குகை. அதற்குள் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. அதே வருஷம் நவம்பரில் தீர்ப்பாயம், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்றது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலேயே, இந்தத் திட்டம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

இந்த இழுபறியில் எத்தனை பேருக்காக வாதாடினார்கள்! புலிக்காக வாதாடினார்கள்; நியாயம்தான், அது மதிகெட்டான் சோலையை ஒட்டிய மலைத்தொடர். தண்ணீருக்காக, முல்லைப் பெரியாறு அணைக்காக வாதாடினார்கள். மறுபக்கம் அறிவியலுக்காக, தேசத்தின் பெருமைக்காக வாதாடினார்கள். கதிர்வீச்சு வரும் என்று ஒரு தரப்பு பயமுறுத்தியது. நியூட்ரினோ யாரையும் ஒன்றும் செய்யாது என்று இன்னொரு தரப்பு விளக்கியது. விளக்கியது உண்மைதான். இதைப் படிக்கிற உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக நொடிக்கு 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் சூரியனிலிருந்து வந்து போய்க்கொண்டிருக்கின்றன. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

ஆனால், கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவுக்காக இத்தனை சண்டை போட்ட நாம், கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை மறந்தே போனோம். கல்தூசி.

நான் பி.காம் படித்தவன். எனக்கு இயற்பியல் வராது, கணக்கு வரும். அந்தப் பெரிய குகையின் திட்ட அளவு 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். உயரம் 20 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 68,640 கனமீட்டர் பாறை. ஒரு கனமீட்டர் பாறை சுமார் 2.7 டன். ஆக, குகைக்கு மட்டும் 1,85,000 டன். லாரிக்கு 15 டன் ஏற்றினால் 12,000 லோடுக்கு மேல். சுரங்கப்பாதையில் வெட்டுகிற பாறை தனிக் கணக்கு. இத்தனையும் தானாகப் பெயர்ந்து வந்து லாரியில் ஏறிக்கொள்ளாது. துளை போடணும், வெடி வைக்கணும், உடைக்கணும், அள்ளணும். ஒவ்வொரு கட்டத்திலும் தூசி கிளம்பும். திறந்தவெளிக் குவாரியிலாவது காற்று அடித்துக்கொண்டு போகும். மலையின் வயிற்றுக்குள்ளே காற்று எங்கே போகும்?

அந்த மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அதில் குவார்ட்ஸ் உண்டு. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. அதில் துளை போடும்போது கிளம்பும் தூசியில் நம் கண்ணுக்குத் தெரிவது ஆபத்தில் பாதிகூட இல்லை. அதெல்லாம் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பினால் போய்விடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள் இருக்கிறதே, அதுதான் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். உடம்பு அதைக் கரைக்கப் பார்க்கும், முடியாது. சுற்றிலும் தழும்பு போடும். தழும்பு விழுந்த இடம் சுருங்கி விரியாது. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் கல்லாகும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டும்தான் முடியும்.

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? இது இன்றைக்குத் தூசி தின்றால் நாளைக்கு வருகிற நோய் இல்லை. பெரும்பாலும் பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து வரும். அதற்குள் அந்த ஆள் நாலு குவாரி, ஆறு காண்டிராக்டர் மாறியிருப்பான். எந்த முதலாளியின் தூசி என்று யார் சொல்வது? அதோடு, இருமலும் இளைப்பும் எடையிழப்பும் காசநோய் மாதிரியே இருக்கும். சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோயும் சுலபமாகத் தொற்றும். டீக்கடைப் பெரியவர் மூன்று முறை ஆறு ஆறு மாசம் காசநோய் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். “என்ன வேலை பார்த்தீங்க?” என்று ஒரு டாக்டர்கூடக் கேட்டதில்லையாம். ஒரே ஒரு கேள்வி சார், அதற்கு என்ன செலவு?

சரி, இதெல்லாம் விஞ்ஞானிகளுக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்திய நியூட்ரினோ ஆராய்ச்சியின் பூர்வீகமே கோலார் தங்க வயல்தான். 1965-ல் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதல் பதிவுகளில் ஒன்று. பொட்டிபுரம் திட்டத்துக்காகப் பேசிய எல்லோரும் இந்தப் பெருமையைச் சொன்னார்கள். சொல்ல வேண்டிய பெருமைதான்.

அதே கோலாருக்கு இன்னொரு ‘முதல்’ உண்டு. இந்தியாவில் சிலிகோசிஸ் பெரிய அளவில் முதன்முதலில் கணக்கெடுக்கப்பட்டதும் அங்கேதான். 1940-களில் பரிசோதித்த சுரங்கத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் யார்? வட ஆற்காடு பக்கமிருந்து பிழைக்கப் போன நம் தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எங்கெங்கோ போனது. தூசி மட்டும் அந்தக் குடும்பங்களோடு வீட்டுக்கு வந்தது.

ஒரே ஊர், ஒரே சுரங்கம். நியூட்ரினோ பாடப்புத்தகத்துக்குப் போனது. சிலிகோசிஸ் சுடுகாட்டுக்குப் போனது. நாம் எதை ஞாபகம் வைத்துக்கொண்டோம், எதை மறந்தோம் என்று பாருங்கள்.

“அது அந்தக் காலம், இந்தியா ஏழை நாடு” என்பீர்கள். சரி, பணக்கார அமெரிக்காவுக்கே போவோம். மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் 1930-ல் ஒரு மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்ப சுரங்கம் வெட்டினார்கள். நீளம் சுமார் மூன்று மைல். பாறை முழுக்க சிலிக்கா. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே துளை போட்டால் தூசி அடங்கும். இது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால், வேலை சுணங்குமே! வறட்டுத் துளை போட்டார்கள். பார்வையிட வந்த அதிகாரிகள் மூக்குக்கு முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வேலை பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கறுப்பர்கள். அவர்களுக்கு முகமூடி இல்லை. 1936-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கை 476. பின்னால் வந்த ஆய்வு ஒன்று 764 என்கிறது. இருபது வருஷம் கழித்து அல்ல, பலர் ஓரிரு வருஷத்திலேயே செத்தார்கள். அந்தச் சுரங்கத்தை வெட்டச் சொன்ன கம்பெனி எது தெரியுமா? யூனியன் கார்பைடு. ஆமாம், 1984-ல் போபாலில் நாம் சந்தித்த அதே யூனியன் கார்பைடு!

கம்பம் பள்ளத்தாக்குக்கு மலையைக் குடைவது புதுசும் இல்லை. 1887-லிருந்து 1895 வரை பெரியாறு அணை கட்டினார்களே, அந்தத் தண்ணீர் எப்படி இந்தப் பக்கம் வந்தது? தேக்கடியிலிருந்து மலைக்குள் ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் வெட்டித்தான் வந்தது. இன்றைக்குக் கூடலூர், கம்பம் வயல்களில் நெல் விளைகிறதென்றால் அந்தச் சுரங்கத்தால்தான். அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்கைத் தேனி மாவட்டம் குலதெய்வம் மாதிரி கும்பிடுகிறது. ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பொங்கலே அவருக்காக வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். வேண்டியதுதான். அந்த மனிதர் அதற்குத் தகுதியானவர்.

அணை வேலையில் நோயில் மட்டும் 483 பேர் செத்ததாகப் பதிவு இருக்கிறது. அணைக்கு அருகிலேயே புதைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்? உங்களால் முடியாது. என்னாலும் முடியாது.

இந்தப் பாறையின் பெயரிலேயே அந்தக் கதைதான் இருக்கிறது. சார்னோக்கைட் என்ற பெயர் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரருடையது. கொல்கத்தாவில் அவர் கல்லறைக்கு வைத்த கல், நம் சென்னைப் பக்கத்துப் பாறை. அந்தக் கல்லுக்கு அடியில் படுத்திருப்பவர் பெயரைப் பாறைக்கு வைத்தார்கள். வெட்டி எடுத்தவன் பெயரைக் கேட்கக்கூட ஆளில்லை!

பழங்கதை போதும், இன்றைய குவாரிக்கு வருவோம். நியூட்ரினோ சுரங்கம் நின்றுவிட்டது. பெரியவர் பிடித்த அந்தத் துளை மெஷின் நிற்கவில்லை. தேனி மாவட்டத்திலும், தமிழ்நாடு முழுக்கவும் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தது. 300 அடிப் பள்ளத்தில் ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. 2024 மே 1, உழைப்பாளர் தினத்தன்று, விருதுநகர் மாவட்டம் ஆவியூர் குவாரியில் வெடிமருந்து வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை குவாரியில் பாறை விழுந்து ஆறு பேர் பலி. ஒவ்வொரு முறையும் நிதி உதவி, விசாரணை, சில நாள் சீல். அப்புறம்? அப்புறம் அடுத்த மே மாதம்!

பாறையைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும், செங்குத்தாகத் தோண்டக் கூடாது என்பது எழுதி வைத்த விதி. அதை மீறிச் செங்குத்தாகத் தோண்டிய இடத்தில் பாறை விழுந்தால் அதற்குப் பெயர் விபத்தா? ஓடுகிற பஸ் மேல் மரம் விழுந்தால் விபத்து. விழும் என்று தெரிந்தே ஆளை அடியில் நிறுத்தினால் அதற்கு வேறு பெயர். பேப்பரில் எழுதுகிற நாங்களும் வருஷக்கணக்காக ‘குவாரி விபத்து’ என்றே தலைப்பு வைத்தோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அரசாங்க வேலையில் மட்டும் என்ன வாழ்கிறது? 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் 41 பேர் 17 நாள் சிக்கிக் கிடந்தார்கள். நாலரை கிலோமீட்டர் சுரங்கத்தில் தப்பிக்க ஒரு மாற்று வழி கட்டியிருக்கவில்லை. வெளிநாட்டு மெஷின் உடைந்து நின்றபோது, கையால் மண்ணைத் தோண்டி அவர்களை மீட்டது எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். அந்தத் தோண்டும் முறையையே ஆபத்தானது என்று 2014-ல் தடை செய்திருந்தோம்! அன்றைக்கு நாடே கைதட்டியது. 2025 பிப்ரவரியில் தெலங்கானாவின் ஸ்ரீசைலம் கால்வாய்ச் சுரங்கம் இடிந்து எட்டுப் பேர் உள்ளேயே போனார்கள். அப்போது கைதட்ட ஒன்றுமில்லை, மறந்துவிட்டோம்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1952-ன் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிகோசிஸ் வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று இருந்தது. வேலைக்குச் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனை என்று விதி. இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து, பழைய 13 சட்டங்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்கிறது அரசு. நல்லது. ஆனால், பதினெட்டு வயதில் மெஷினைப் பிடிக்கிறவனுக்கு நாற்பது வருவதற்குள் நுரையீரல் தழும்பாகியிருக்குமே? அதைவிட, வருகைப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாதவனுக்கு எந்தச் சட்டம் எக்ஸ்ரே எடுக்கும்? டீக்கடைப் பெரியவருக்கு இருபது வருஷத்தில் ஒரு முறைகூட வேலை கொடுத்தவர் எக்ஸ்ரே எடுக்கவில்லை.

காலேஜில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் அது எவ்வளவு தேய்கிறது என்று கணக்கில் எழுத வேண்டும். வருமான வரிக் கணக்கில் பொதுவாக 15 சதவிகிதம். துளை போடுகிற மெஷினுக்குத் தேய்மானம் உண்டு, லாரிக்கு உண்டு, ஆபீஸ் நாற்காலிக்குக்கூட உண்டு. அந்த மெஷினைப் பிடித்திருக்கிறவனின் நுரையீரலுக்கு? எந்த லெட்ஜரிலும் ஒரு வரி கிடையாது. அந்தத் தேய்மானத்தை அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். ஜல்லி ஏன் இந்த விலைக்குக் கிடைக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அதை வாங்குவது நீங்களும் நானும்தான். நம் ஃபிளாட்டின் கான்கிரீட்டில் இருப்பது அந்த ஜல்லி. ஆற்று மணலைக் காப்பாற்ற எம்-சாண்டுக்கு மாறினோம், நல்ல காரியம். ஆனால், எம்-சாண்ட் என்பது என்ன? பாறையை மணல் அளவுக்கு நொறுக்குவது. இன்னும் நொறுக்கல், இன்னும் தூசி. ஆற்றின் பாரத்தை இறக்கி ஒருவன் நெஞ்சில் வைத்தோம். ஆஸ்திரேலியாவில் பளபளவென்ற செயற்கைக் குவார்ட்ஸ் சமையல் மேடைகளை அறுக்கிற இளைஞர்களுக்கு சிலிகோசிஸ் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் அதே கல்லுக்குக் கலர் கலராக விளம்பரம் வருகிறது.

“அப்போ குவாரியை மூடிடலாமா? சுரங்கமே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். வீடு வேண்டும், ரோடு வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும். நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயங்கள்.

துளை போடும்போது தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும்; வறட்டுத் துளை போட்டால் அன்றைக்கே வேலையை நிறுத்த வேண்டும். குவாரி வாசலில் போர்டு வைத்து, காற்றில் எவ்வளவு சிலிக்கா என்று அளந்து எழுத வேண்டும். பெட்ரோல் பங்க்கில் விலை எழுதுகிற மாதிரி. தொழிலாளியின் எக்ஸ்ரே விவரம் முதலாளி பீரோவில் இல்லாமல், அவன் எந்த ஊர் போனாலும் அவனோடு போகிற அட்டையில் இருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி காசநோய்ப் பிரிவில் முதல் கேள்வி, “என்ன வேலை?” என்று இருக்க வேண்டும். ராஜஸ்தானில் 2019-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்து, சிலிகோசிஸ் உறுதியானால் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம் என்று வைத்தார்கள். நம்மாலும் முடியும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கனிமம் எடுக்கிறவர்களிடம் வசூலித்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவழிக்கத்தான் 2015-ல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்றைச் சட்டத்திலேயே கொண்டுவந்தார்கள். கல்லைச் சுமந்த நெஞ்சைவிடப் பாதிக்கப்பட்டது வேறு எது?

கடைசியாக ஒன்று. நாளைக்கே நியூட்ரினோ திட்டம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வேறு மலைக்கு வேறு சுரங்கம் வரலாம். அப்போது ஆதரவு மேடையோ எதிர்ப்பு மேடையோ, எதில் நீங்கள் நின்றாலும் சரி, பெரியவரின் கேள்வியை முதலில் கேளுங்கள். “உள்ளே போய்த் துளை போடப் போகிறவன் யார்? இருபது வருஷம் கழித்து அவன் மூச்சுக்கு யார் பொறுப்பு?” இதற்குப் பதில் எழுதாத திட்ட அறிக்கையில் எத்தனை கோடி இருந்தாலும் அது கணக்கில் வராத கணக்குதான்.

டீக்குக் காசு கொடுக்கப் போனேன். பெரியவர் என் கையைத் தட்டிவிட்டு அவரே கொடுத்தார். பஸ் ஸ்டாப் இருநூறு அடி தூரம்தான். அதற்குள் மூன்று தடவை நின்றார்.